கிராம்பு டிரைவரின் வண்டி

எந்த வண்டி பட்டறைக்கு வந்தாலும் அவர் முதலில் அதைப் பிரிக்கமாட்டார். அது சொல்வதைக் கேட்பார். நீண்ட திருப்புளியின் முனையை ஓடும் இஞ்சின்மீது ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்களை மூடி நிற்பார். அந்த இரும்புத் தண்டின் வழியே ஏறிவரும் ஓசையைக் கொண்டே எது தளர்ந்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்குக் 'காது' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வாய் பொய் சொல்லும். இரும்பு பொய் சொல்லாது என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையைப் பட்டறைக்குள் மட்டும் கடைப்பிடித்தார் என்பதுதான் அவர் வாழ்வில் நேர்ந்த பிழை.

அன்று காலை, இளவெயில் இருந்தபோது, ஒரு பழைய பள்ளிப் பேருந்து பட்டறைக்குள் வந்து நின்றது. புதிதாகப் பூசிய பச்சை வண்ணத்துக்கு அடியில் பழைய மஞ்சள் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த பெண் இறங்கினாள். அவள் தையற்காரி.

"நீங்க இந்த வண்டியைத் தொடமாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. நான்தான் கேக்காம வந்துட்டேன் மாமா."

"எந்த வண்டிம்மா இது?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. அப்பா ஓட்டின வண்டிதான். பள்ளிக்கூடத்துல ஏலம் விட்டப்ப வாங்கிட்டேன்."

முன்பக்க நசுங்கலைப் பார்த்தபோதே காதுக்குத் தெரிந்துவிட்டது.

அவளுடைய தந்தையும் காதும் ஒரே தட்டில் உண்டு வளர்ந்த நண்பர்கள். ஓயாத இருமலுக்காக அவர் எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பார். பேசுமுன் இரண்டு முறை கனைத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு அவர் 'கிராம்பு மாமா'. காது திருப்புளியோடு நிற்கும்போதெல்லாம், "என்னடா, ஒட்டுக் கேக்கறியா?" என்று சீண்டுவார். இஞ்சின் சூடேறும்வரை பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். அவற்றுள் ஒன்று காதுக்கும் பிடிக்கும்: ஒவ்வொரு மாலையும் ஓர் ஆடு பட்டிக்குள் நுழைய மறுத்தது. இடையன் அடித்தான், இழுத்தான், திமிர் பிடித்த ஆடு என்று திட்டினான். கடைசியில் ஒருநாள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தான். வைக்கோலுக்குள் பாம்பு சுருண்டு கிடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலக் காலையில், ஜன்னல்களைச் சாத்திவிட்டு இஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்தவர், ஸ்டியரிங்கின்மேல் தலை சாய்த்தபடி இறந்து கிடந்தார். இருக்கைக்கு அடியில் ஒரு மதுப் புட்டி கிடந்தது. குடித்துவிட்டுக் கிடந்தான், மூச்சு நின்றது என்று ஊர் முடிவு கட்டியது. நாற்றத்தை மறைக்கத்தான் கிராம்பு என்று காரணமும் கண்டுபிடித்தது. காதும் அதை நம்பினார். தன்னிடமே மறைத்துவிட்டானே என்ற ஆத்திரத்தில், நண்பனைத் தூக்கிச் சென்றபோது தோள் கொடுக்காமல் ஒதுங்கி நின்றார்.

"வண்டிக்கு என்னம்மா?" என்று இப்போது கேட்டார்.

"வெயில்ல ஒரே திருப்புல பிடிக்குது. மழை வந்தா என்ன பண்ணினாலும் எழமாட்டேங்குது. நாளைக்கு நானும் அம்மாவும் மலைக்குப் புறப்படறோம். அங்க சீருடை தைக்கற வேலை கெடைச்சிருக்கு. படுக்கை, சமையல், தையல் எல்லாம் இதுக்குள்ளதான்."

அவள் வண்டியை நன்றாகத்தான் மாற்றியிருந்தாள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, சுவரெங்கும் பலகை அறைந்து, குளிர் நுழையாதபடி இடுக்குகளைக் கம்பளித் துணியால் அடைத்திருந்தாள். எறும்பு நுழையவும் இடமில்லை.

"குளிர்ல நின்னுபோச்சுன்னா மறுபடி எழுப்ப முடியாது. அதனால ராத்திரி பூரா அணைக்காம ஓடவிடலாம்னு இருக்கேன். உள்ள கதகதப்பாவும் இருக்கும்."

அப்போதுதான் காதின் மைத்துனன் உள்ளே வந்தான். பட்டறையில் பாதிப் பங்கு அவனுடையது. வண்டியைக் கண்டதும் அவன் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு வழக்கமான கேலி திரும்பிவந்தது.

"இது பஸ்ஸா, வீடா மச்சான்? வீட்டுக்கு ஹீட்டர் பிளக் மாத்தற மொத பட்டறை நம்மதாத்தான் இருக்கும்."

நண்பகலுக்குள் வானம் இருண்டது. பட்டறையின் தகரக் கூரையில் மழை இறங்கியது. பழுதடைந்த கூரை ஒழுக, தையற்காரி துணிகள் நனையாமலிருக்க வண்டியின் ஜன்னல்களையும் கதவையும் சாத்தினாள். காது சாவியைத் திருப்பினார்.

செல்ஃப் மோட்டார் சுற்றியது. இஞ்சின் பிடிக்கவில்லை.

அவர் பொறுமையாகத் தொடங்கினார். பேட்டரி நன்றாக இருந்தது. குளிர்ந்த இஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிச் சோதித்தார். எல்லாமே சிவக்கக் காய்ந்தன. டீசல் வடிகட்டியை மாற்றினார். குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று திருகைத் தளர்த்தி, குமிழி அடங்கும்வரை கையால் பம்ப் அடித்தார். குற்றம் எதுவுமில்லை. மறுபடியும் சாவியைத் திருப்பினார். இஞ்சின் கிழவனைப்போல் முனகியது, எழவில்லை.

அவருக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து, தையற்காரி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

ஒரே திருப்பில் இஞ்சின் உறுமி எழுந்தது.

அணைத்தார். ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். எழவில்லை. திறக்கச் சொன்னார். எழுந்தது. வெளியே அதே மழை, அதே ஈரம். இஞ்சின் காற்றை உறிஞ்சுவதோ வண்டிக்கு வெளியிலிருந்து. உள்ளே ஜன்னல் திறந்தால் என்ன, மூடினால் என்ன?

அவர் இஞ்சினை அணைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலிருந்த மூடியைத் தூக்கினார். ஜன்னல்களை மறுபடி சாத்தச் சொல்லிவிட்டு, தம்மையறியாமலே திருப்புளியை எடுத்து ஊன்றி, காதை வைத்தார். நின்றுபோன இஞ்சின் பேசாது என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் வைத்தார்.

மழையின் இரைச்சல் விலகிப் போனது. தண்டின் வழியே ஆழமான மௌனம் ஏறிவந்தது.

பிறகு, ஒரு கனைப்பு.

அவர் கைப்பிடியைக் காதோடு இன்னும் அழுத்தினார்.

இன்னொரு கனைப்பு.

இரும்புக்குள்ளிருந்து வந்தது அது. வயதானது, கம்மியது, மிகவும் பழகியது. கூடவே, டீசல் நெடியை ஒதுக்கிக்கொண்டு, ஒரு வாசனை மெல்லப் பரவியது.

"மாமா," என்று தையற்காரி கிசுகிசுத்தாள். "கிராம்பு வாசனை வருதா?"

அவர் தலையசைக்குமுன், கடைசி ஜன்னலின் கண்ணாடி தானாக நகர்ந்தது. அதற்கு முந்தையது. அதற்கும் முந்தையது. வகுப்பு தொடங்குமுன் யாரோ ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு வருவதுபோல், ஓட்டுநர் இருக்கையை நோக்கி அந்த ஓசை நடந்துவந்தது.

அவர் அருகில் வந்து நின்றது.

ஆடு பட்டிக்குள் நுழைய மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

காது சாவியைக் கழற்றித் தையற்காரியிடம் கொடுத்து அவளை இறக்கிவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். புகைக்குழாயின்மேல் துணியும் மண்பசையும் சுற்றிய பழைய கட்டு ஒன்று இருந்தது. சுரண்டினார். உள்ளே ஒரு தகரத் துண்டு. அதை இறுக்கிய கம்பி. தகரத்தைப் பெயர்த்ததும் குழாயில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிந்தது. நேர் மேலே, தையற்காரியின் கண்ணில் படாமல் போன தரைப் பலகையின் பிளவு. புகை ஏறும் வழி அது. ஏறி நிற்கும் இடம் ஓட்டுநர் இருக்கை.

பிள்ளைகள் ஏறியவுடன் ஜன்னல்களைத் திறந்துவிடுவார்கள்; அவர்கள் பிழைத்தார்கள். மழைக்குச் சாத்திக்கொண்டு தனியே அமர்ந்திருந்தவன் பிழைக்கவில்லை.

அவர் கம்பியை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து, அதை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினார்.

"மாப்ள, இது யாரு முறுக்கினது?"

"கம்பி கம்பிதான் மச்சான். அதுல என்ன பேரா எழுதியிருக்கு?"

"எழுதித்தான் இருக்கு. எல்லாரும் வலப்பக்கமா முறுக்குவாங்க. இது இடப்பக்கமா முறுக்கியிருக்கு. இந்தப் பட்டறையில இடக்கைக்காரன் நீ ஒருத்தன்தான்." அவர் குரல் தாழ்ந்தே இருந்தது. "பள்ளிக்கூடத்துல புதுக் குழாய் வாங்கிக் குடுத்தாங்க. மாத்தியாச்சுன்னு எங்கிட்ட சொன்னே."

மைத்துனன் சிரிக்க முயன்றான். "செத்தவன் குடிச்சுட்டுச் செத்தான். அதுக்குக் குழாய் என்ன பண்ணும்? சீட்டுக்கு அடியில பாட்டில் கெடந்துச்சே. நான்தானே எடுத்துக் காட்டினேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"ஆமா," என்றார் காது. "நீதான் எடுத்துக் காட்டினே."

தான் கைப்பிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்தவன்; தன் மனைவியின் உடன்பிறந்தவன். பாலூற்றி வளர்த்த கை அறியாமல் பால்சட்டியில் நஞ்சு கலந்திருக்கிறது. இவன் வாயை நம்பி, குற்றமற்ற நண்பனைத் தாமே ஒதுக்கியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போது விளங்கியது.

"பேய்க் கதை பேசறீங்க!" என்று மைத்துனன் கத்தினான். "இப்ப எல்லாத்தையும் சாத்திட்டு எழுப்பிக் காட்டறேன், பாருங்க." வண்டிக்குள் தாவி ஏறி, ஜன்னல்களை அறைந்து மூடி, கதவையும் சாத்திக்கொண்டான்.

இஞ்சின் எழுந்தது.

ஒரே திருப்பில், தயங்காமல், பசித்த விலங்கைப்போல எழுந்தது.

தையற்காரி தன் கையை விரித்துக் காட்டினாள்.

"சாவி எங்கிட்ட இருக்கு மாமா."

உள்ளே மைத்துனன் கதவை இழுத்தான். கதவு அசையவில்லை. கட்டவிழ்ந்த குழாயிலிருந்து கரும்புகை தரைப் பிளவின் வழியே பொங்கி ஏறியது. கண்ணாடியில் அவன் உள்ளங்கைகள் தோன்றின, பிறகு முகம், பிறகு புகை மட்டும்.

காதால் உடனே அவனிடம் ஓடியிருக்க முடியும். ஆனால் ஒரு கணம், ஒரு நீண்ட கணம், அவர் கால் எழவில்லை. இப்படித்தானே நண்பனும் தட்டியிருப்பான் என்று நினைத்தார். அந்த நினைப்பே அவரைச் சுட்டது. பாய்ந்துபோய்க் கைப்பிடியை இழுத்தார். பெரிய ஸ்பானரால் கண்ணாடியை அடித்தார். ஸ்பானர் எகிறி விழுந்தது. கடைசியில் திருப்புளியை வண்டியின் நெற்றியில் ஊன்றி, காதை வைத்தார்.

இஞ்சினின் இரைச்சல் கேட்கவில்லை. யாரோ காத்திருக்கும் மௌனம்தான் கேட்டது.

"டேய்," என்றார். "நான் உன்னை நம்பலடா. இவன் வாயை நம்பினேன். தோள்கூடக் குடுக்கல. ஆனா உம் பொண்ணு பாத்துக்கிட்டு நிக்கறா. அவ கண்ணு முன்னால வேண்டாம். இவனை நான் சொல்ல வெக்கறேன். நீ வேலை பாத்த எடத்துலயே, எல்லார் முன்னாலயும்."

இரண்டு முறை கனைப்பு கேட்டது.

இஞ்சின் நின்றது. எல்லா ஜன்னல்களும் ஒரே சமயத்தில் திறந்தன.

மைத்துனன் கதவோடு சரிந்து வெளியே விழுந்தான். இருமினான், வாந்தி எடுத்தான், அதன் பிறகுதான் அழுதான்.

"அந்தக் குழாயை வேற வண்டிக்கு அவசரமாப் போட்டுட்டேன் மச்சான். இதுக்கு நாளைக்கு மாத்திடலாம்னு நெனச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னு... அதுக்குள்ள..."

"பாட்டில்?"

"பயந்துட்டேன்."

தையற்காரி அவனைப் பார்க்கவில்லை. காதைத்தான் பார்த்தாள்.

"அப்பா இருமலுக்குத்தான் கிராம்பு வெச்சிருந்தாரு மாமா. உங்களுக்கு அது தெரியும். இருந்தும் நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

எந்த இரும்பும் அவரை அப்படிக் குத்தியதில்லை. அவர் தலை குனிந்தார்.

விளக்கு வைப்பதற்குள் மைத்துனன் தன் கையாலேயே புதுக் குழாயைப் பொருத்தினான். தரைப் பிளவையும் அடைத்தான். காது பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்தார். ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுத் தையற்காரி சாவியைத் திருப்பியபோது, வண்டி ஒரே திருப்பில் எழுந்தது.

மறுநாள் காலையும் மழை. பள்ளியின் வண்டிக் கொட்டகையில் பேருந்துகள் வரிசையாக, ஜன்னல் சாத்தி நின்றன. ஓட்டுநர்கள் அனைவரும் முன்னால் கூடியிருந்தார்கள். தையற்காரி தன் தாயைக் கைபிடித்து அழைத்துவந்தாள். 'குடிகாரன் பெண்டாட்டி' என்ற பெயரைச் சுமந்தே முடி நரைத்த அந்த அம்மாளின் முன்னால் காது முதலில் போய்க் கைகூப்பினார். "தங்கச்சி, நான் தோள் குடுக்காத பாவி," என்றார். பிறகு மைத்துனனை முன்னே நிறுத்தினார்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான்: குழாய், அதன்மேல் போட்ட கட்டு, புட்டி.

"இன்னொருதரம் சொல்லு," என்றாள் அந்த அம்மாள். "சத்தமாச் சொல்லு. மழை பெய்யுதுல்ல, அவருக்குக் கேக்காது."

மைத்துனன் நிமிர்ந்தான். தொண்டை கிழியக் கத்தினான்.

"அவர் குடிக்கல! நான்தான் கொன்னேன்! அவர் குடிக்கல!"

கொட்டகையின் கோடியில் ஒரு கண்ணாடி நகரும் ஓசை கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். முதல் பேருந்தில் ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. அடுத்ததில் திறந்தது. அதற்கடுத்ததில் திறந்தது. வரிசை முழுவதும், ஒன்றன்பின் ஒன்றாக, அந்த ஓசை அவர்களை நோக்கி வந்தது.

ஓட்டுநர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் வெளியேதான் நின்றார்கள். வண்டிகளுக்குள் ஒருவரும் இல்லை.

மழைக்காற்றில் கிராம்பு மணந்தது. கடைசி வண்டிக்குள்ளிருந்து யாரோ, பேசுமுன் தொண்டையைச் சரிசெய்துகொள்பவரைப்போல, இரண்டு முறை கனைத்தார்.