பங்கு வைத்த மாத்திரை

நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் வராத ஒரு காலத்தின் கதை சொல்கிறேன். கடல் ஊருக்குள் ஏறிவிட, தூத்துக்குடிச் சனங்கள் தண்ணீருக்கு மேலே தூண்மாடிகளில் குடியிருக்கும் காலம்.

அங்கே விடிந்ததும் முதலில் கேட்பது மணிச்சத்தம். நோயுற்ற நாய், பூனைகளின் கழுத்தில் விழுங்குமானி கட்டியிருக்கும். மாத்திரை வயிற்றுக்குள் போனதும் அது ஒலித்து, மருந்துச் சாவடிக்குச் செய்தி அனுப்பும். நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போய், அமாக்சிசிலின் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. ஒரு வேளை மாத்திரை தவறினாலும் சாவடியிலிருந்து ஆள் வந்து நிற்கும்.

லூர்தம்மாளின் புருஷனைக் கடல் கொண்டுபோய் வெகுகாலம் ஆயிற்று. அவள் பேசுவதெல்லாம் கப்பல் என்ற நாயோடும் சீனி என்ற பூனையோடும்தான். கப்பலுக்குத் தொடையில் கடிப்புண். சாவடி மருத்துவர் ஜெனோவா அதை எடைபோட்டு, அதற்கேற்ற மாத்திரை கொடுத்தாள்.

"சாப்பாட்டோட குடுங்க. புண்ணு ஆறுனாப்ல தெரிஞ்சாலும் நிறுத்தக் கூடாது. இது கப்பலுக்கு மட்டுந்தான்."

"பின்ன, எனக்கா பங்கு குடுக்கப் போறான்?" என்று சிரித்தாள் லூர்தம்மாள்.

புண் காய்ந்து கப்பல் துள்ளி ஓடத் தொடங்கிய நேரத்தில், சீனியின் தாடை வீங்கியது. ஒரே வீட்டில் இரண்டு பிராணிகளுக்கு நோய் கண்டால், குணமாகும்வரை இரண்டையும் தனிமைத் தளத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வெறும் வீட்டில் யாரோடு பேசுவது என்று, சீனியின் வீக்கத்தை அவள் சாவடிக்குச் சொல்லவில்லை.

அவள் பிறந்த கரையில், வலையில் ஒற்றை மீன் விழுந்தாலும் பங்கு வைக்காமல் தின்றதில்லை.

"ஒனக்குத்தான் ஆறிட்டுல்லா, தங்கச்சிக்குப் பாதி குடுலே," என்று கப்பலிடம் சொல்லி, மாத்திரையை அரிவாள்மணையில் இரண்டாக்கினாள். கப்பல் பாதியை விழுங்கியதும் மணி ஒலித்தது; மறுபாதி சீனிக்கு. விழுங்கியதா என்று மணிக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது.

அரை மருந்தில் கிருமி சாகவில்லை, மருந்தைப் பழகிக்கொண்டது. கப்பலின் புண் மறுபடி வாய் திறந்தது. சீனி தண்ணீரைக்கூட மோந்துவிட்டு விலகியது.

ஜெனோவா வந்து பார்த்தாள். "மருந்து கேக்கலையே. யாருக்கும் பங்கு போட்டியளா?"

லூர்தம்மாள் சீனியைத் தூக்கிக் காட்டினாள்.

"கேட்டிருந்தா இதுக்குன்னு தனியா எடைபோட்டுக் குடுத்திருப்பேனே அக்கா! தனிமைத் தளத்துல கண்ணாடி வழியா தெனமும் பாத்திருக்கலாமே."

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் பேசுனா அதுகளுக்குக் கேக்குமா, டாக்டரம்மா?"

இனிக் குணமாக வழியில்லை என்று, ஜெனோவா இரண்டையும் அவளிடமே விட்டுவிட்டுப் போனாள்.

சாவில் சீனி முந்திக்கொண்டது. அடுத்து, லூர்தம்மாள் மடியில் தலை வைத்தபடியே கப்பல்.

கிருமியோ அந்த மாடியை விட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிலோமியின் நாய்க்குட்டிக்குக் காதில் சீழ் வைத்தபோது சாவடி கையை விரித்தது. அந்த மாடியில் இனி அமாக்சிசிலின் வெறும் மாவு.

செத்த குட்டியைக் கடலில் விட்டுவிட்டு வந்த அன்று மாலை, பிலோமி லூர்தம்மாளின் கதவைத் தட்டினாள். ஏச்சு வாங்கத் தயாராய்க் கதவைத் திறந்தவளுக்கு முன்னே ஒரு கிண்ணம் நீண்டது. சாளைமீன் குழம்பு.

"மைனி, இன்னைக்குப் பங்கு."

"எனக்கா? ஒன் குட்டியக் கொன்னது நான்லா, பிலோமி."

"ஆமா, நீங்கதான்." பிலோமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அதுக்காவ பங்க எப்படி நிறுத்த? ஆறிரும், தின்னுங்க."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு லூர்தம்மாள் உள்ளே போனாள். பெரிய மீனாகப் பார்த்து எடுத்து, முள் நீக்கி, சுவரோரம் கிடந்த சீனியின் தட்டில் வைக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உங்கள் வாசலில் வாலாட்டும் உயிரும், மடியில் உறங்கும் உயிரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், கண்ணுகளா. அவரவர் மருந்து அவரவருக்கே முழுசாய்ச் சேரட்டும். உங்கள் வீட்டுச் சோறு மட்டும் எந்நாளும் பங்கு வைக்கும் அளவுக்குப் பெருகட்டும்.