கூடவே வந்தது

கம்ப்யூட்டர் திரையின் கீழ் வரிசையில் மைக் படம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளின் படம் இருந்தது. பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு போவதுபோல அவருடைய கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. தட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார், ஏதோ கண்ணாடியில்தான் கோளாறு என்பதுபோல.

அது தானாகப் போகவில்லை. அவரேதான் தூக்கி எறிந்திருந்தார்.

பம்பு உதிரி பாகங்கள் வைக்கும் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். ஒரு மாதமாக யாரும் தொடாத பெட்டியைக் கண்டால் அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் அவருக்கு மறுவேலை. மனைவி மருத்துவமனையிலிருந்து வருவதற்குள் வீட்டைப் பெருக்கித் துடைத்தவர், அதே கையோடு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்துவிட்டார். வாங்கியபோதே கூடவே வந்த செயலிகள் ஒரு கூட்டம், கல்யாணத்துக்கு வந்துவிட்டு ஊருக்குக் கிளம்பாத உறவினர்கள் மாதிரி அதற்குள் தங்கியிருந்தன. ஒரு மாதமாகத் திறக்காததை எல்லாம் நீக்கினார். ‘நிச்சயமாகவா?’ என்று அது ஒவ்வொரு முறையும் கேட்டது. பெண் பார்க்கப் போனபோதுகூட அவரை யாரும் இத்தனை தடவை கேட்டதில்லை. நிச்சயமாக, நிச்சயமாக என்று தட்டிக்கொண்டே போனார்.

அந்தக் கூட்டத்தில் ஒலிப்பதிவுச் செயலியும் இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம் அவருடைய மனைவி இந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதில்தான் பேசினாள். குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். இனி மூச்சு வரும், பேச்சு வராது என்று சொல்லிவிட்டார்கள். போனில் பேசிப் பதிந்தால் யாரோ கேட்கிற மாதிரி இருக்கிறது, இதில் அப்படி இல்லை என்றாள். ஐந்து வயது மகளுக்காகச் சேர்த்துவைத்தாள். சாப்பிடக் கூப்பிடுவது, எழுப்புவது, திட்டுவது. "திட்டுறதுக்கும் ஒண்ணு வேணும்ங்க, இல்லன்னா உங்க செல்லத்துல அது உருப்படாது," என்று கரகரத்த தொண்டையோடு சிரித்தாள்.

உலகத்தில் மிச்சமிருந்த அவள் குரல் அவ்வளவுதான். அதைத்தான் பெருக்கித் தள்ளியிருந்தார்.

அவளை அழைத்துவர மச்சான் காரில் போயிருந்தார், மகளும் கூடவே. சாயங்காலம் வந்துவிடுவார்கள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மகள் கேட்கப்போவது ஒன்றுதான்: அம்மா குரலைப் போடுங்கப்பா.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டார். எதைக் கேட்டாலும் ‘ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்’ என்பதால் இந்த வீட்டில் அவருக்குப் பெயரே ரீஸ்டார்ட்.

"பண்ணிட்டேன்ப்பா. ஏழெட்டு தடவை பண்ணிட்டேன்."

"அப்ப ரெண்டு வரி கட்டளை அனுப்பறேன் சார். கட்டளை போடறதுக்குன்னு நீல ஜன்னல் ஒண்ணு இருக்கும், அதுல முதல் வரியை ஒட்டி என்டர் தட்டுங்க. ஆப் வந்துரும். ஆனா உள்ள இருந்த பதிவு வராது."

"வராதுன்னா? அது கூடவே வந்த ஆப்தானே?"

"பாத்திரம் கிடைக்கும் சார். அதுல இருந்த பாலைக் கேட்டா எங்க போறது?" அவர் சற்று நிறுத்தினார். "அம்மா பேசினதா சார்?"

இவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முதல் வரியைப் போடுங்க சார். அது உங்க பேருக்கு மட்டும் கொண்டுவரும். ரெண்டாவது, மெஷினுக்குள்ள இருக்கிற எல்லாருக்கும். அது பல பேர் உபயோகிக்கிற ஆபீஸ் மெஷினுக்கு. நீங்க தொடாதீங்க. உங்க மெஷின்ல உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

முதல் வரியை ஒட்டினார். வெள்ளைத் தாள் மறைந்து மைக் படம் வந்தது. திறந்தார். ‘இங்கே எதுவும் இல்லை’ என்றது. பழுது நீக்கு என்ற பொத்தானைத் தட்டினார். எதுவும் இல்லை. மீட்டமை என்றிருந்ததைத் தட்டினார். எதுவும் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டு, பிற்பகல் வெளிச்சம் கழுவி ஊற்றிய தண்ணீர்போல மங்கியது. முழங்கையை மேசையில் ஊன்றி, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, நீக்கப்பட்டதெல்லாம் எங்கேதான் போகிறது என்று யோசித்தார். கிடங்கில் என்றால் பின்பக்கத்துக் குப்பை மேட்டில் போய்க் கிளறலாம். இதற்குப் பின்பக்கம் எது?

இரண்டாவது வரியை ஒட்டினார். எல்லாருக்கும். என்டர்.

நீல ஜன்னலில் எழுத்துகள் மழைக்குச் சமமாக ஓடின. மேசைக்கடியில் கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறி, மாடிப்படி ஏறி வந்த பருமனான ஆள்போல மூச்சு வாங்கியது. சூடான தூசியின் வாசனை எழுந்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனை: தொண்டைக்குப் போடும் மருந்தின் இனிப்பும் கசப்பும் கலந்தது, அறுவை சிகிச்சைக்கு முன்பு அவள் அருகில் படுத்தால் வருவது. கடிகாரம் வந்தது. கால்குலேட்டர் வந்தது. கேமரா வந்தது, வந்ததும் திரையின் உச்சியில் அதன் சின்ன விளக்கு எரியத் தொடங்கியது. அவர் கட்டைவிரலால் அதை மூடினார். விரல் சுட்டது.

ஒலிப்பதிவு தானாகத் திறந்தது. உள்ளே எல்லாம் இருந்தன.

ஒன்றைத் தட்டினார். "வாண்டு, எழுந்திரு. சூரியன் வந்து வாசல்ல நிக்கிறாரு, நீ இன்னும் குப்புறப் படுத்திருக்க," என்றது அவள் குரல், கரகரப்போடு, நடுவில் ஒரு இருமலோடு. அவர் வாய்விட்டு அழுதார். அழுகையின் நடுவே ரீஸ்டார்ட்டுக்குக் கெட்டிக்காரன் என்று ஒரு பட்டம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் சேர்த்து அழுதார்.

கடைசியில் பெயரில்லாத ஒரு பதிவு இருந்தது. அதன் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. நீளம் கூடிக்கொண்டே போயிற்று. நிறுத்து என்பதைத் தட்டினார், நிற்கவில்லை. அதையே ஓடவிட்டார்.

மழைச் சத்தம். நாற்காலி முனகுவது. ஒரு ஆள் விசும்புவது, அது அவர்தான். அப்புறம் மிக அருகில், வாயை மைக்கோடு ஒட்டிவைத்ததுபோல:

"அழாதீங்க. நான்தான் வந்துட்டேன்ல."

அவள் குரல். ஆனால் கரகரப்பு இல்லை. இருமல் இல்லை. நோய் வருவதற்கு முந்தின குரல். கழுவித் துடைத்தது.

"நீ... எப்ப பேசினது இது?" அவர் திரையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இப்பத்தான். தண்ணி கொடுங்க. எவ்வளவு நாளா உள்ளயே இருக்கேன்."

ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினார். பிறகு பெட்டியின் ஒயரை. திரை அணைந்தது. விசிறி நின்றது. மழை மட்டும்.

"இதைப் பிடுங்கினா எப்படிங்க?" என்றது குரல். மேசையிலிருந்து அல்ல. முதுகுக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இருட்டிலிருந்து.

அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். கைபேசியில் விரல் வழுக்கியது.

"ரெண்டாவது வரியைப் போட்டுட்டேன்ப்பா. வந்ததை எப்படித் திரும்ப நீக்கறது? சீக்கிரம் சொல்லு."

"சார், பதறாதீங்க..." கதவுக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் நிறுத்திக் கேட்டார். பிறகு மனசார மகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "அம்மா வந்துட்டாங்களா சார்? பேசவே வராதுன்னு சொன்னீங்க, எவ்வளவு தெளிவாப் பேசறாங்க. கடவுள் இருக்கான் சார்."

காரின் கதவு சாத்தும் சத்தம்.

அவர் வாசலுக்கு ஓடினார். உள்ளே வராதீர்கள் என்று சொல்லத்தான் ஓடினார். மகள் அதற்குள் கதவைத் தள்ளிவிட்டாள். பின்னால் மனைவி; இளைத்து, நனைந்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு. அவரைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். மகளின் கை அவள் கைக்குள் இருந்தது.

"வண்டியிலயே இருங்க. போங்க. மச்சானைக் கூப்பிடு, இப்பவே..."

"வாண்டு."

உள்ளே இருந்து. கனிவாக.

மகள் தலையைத் தூக்கினாள். ஒரு மாதமாகக் கேட்காத குரல். முகம் முழுக்க வெளிச்சம்.

"வாண்டு, இங்க வா கண்ணு. அது யாரு, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

மகள், தன் கையைப் பிடித்திருந்தவளை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்துக் கட்டைப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டாள்.

அவர் குனிந்து பிடிக்கப் பார்த்தார். சட்டையின் நுனிதான் விரலில் பட்டது. ஈரம். சின்னக் கால்கள். கூடம். அறைக் கதவு அவளுக்காகத் தானே திறந்தது. அவள் போனதும் சாத்திக்கொண்டது.

இருவரும் ஒன்றாகக் கதவில் மோதினார்கள். அவர் தோளால் இடித்தார். அசையவில்லை. பக்கத்தில் மனைவி இரண்டு உள்ளங்கைகளாலும் கதவை அறைந்துகொண்டு, கழுத்துக் கட்டில் சிவப்பு ஊற ஊற, வாயை முழுசாகத் திறந்து மகளைக் கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது.

கதவுக்குப் பின்னால் அவள் குரல் கதை சொல்ல ஆரம்பித்திருந்தது. மகள் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்தாள்.