தையல்நாயகியின் மணி

புதுச்சேரி நகரத்துச் சகல குடிகளுக்கும், குறிப்பாகக் கடலோரம் வசிக்கும் கனவான்களுக்கும் இதனால் தெரியப்படுத்துவது என்னவென்றால்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம், மாசி பிறப்பதற்கு முந்தின வாரத்தில், பிரெஞ்சு சர்க்காருக்கு முப்பத்தொரு வருஷம் நீதிமன்றத் தலைமை எழுத்தராக உழைத்து ஓய்வு பெற்ற, மேன்மை தங்கிய முசியே தணிகாசலம் அவர்களின் மாளிகையில் மின்சார மணி பழுதாகிவிட்டது.

இதைக் கேட்டு நகரம் ஸ்தம்பிக்கவில்லை. மீன்காரிகள் கூவிக்கொண்டுதான் போனார்கள். முசியேவுக்கு மட்டும் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

மணி பழுதானால் அடிக்காது. அதுதான் உலக வழக்கம். இது அடித்தது. மத்தியானம் ஒன்றே முக்கால் ஆனதும் ஆரம்பிக்கும். கொஞ்சம் அடிக்கும், நிற்கும். யாராவது வருகிறார்களா என்று காது கொடுப்பது போல நிற்கும். மறுபடி அடிக்கும். இப்படி ஆறு தடவை.

ஏழாவது தடவை பாதியிலேயே அறுந்துபோகும்.

வீடு கடலுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தது. கடலோர வீட்டில் உப்பு சும்மா இருக்காது. கதவுக் கீலைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், சுவரில் ஓடும் செப்புக் கம்பியைப் பச்சையாக்கிப் பொடியாக்கும். அதனால் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அவசரத்துக்கு ஓடிவர ஒரு கரண்டுக்காரர் வேண்டும். ஆனால் நம்பி வீட்டுக்குள் விடும்படியான ஆள் கிடைப்பது, ஒரு சர்க்கார் போய் இன்னொரு சர்க்கார் வருவதைவிடக் கஷ்டமான காரியமாக இருந்தது.

மணி சாப்பாட்டுக் கூடத்தின் வாசலுக்கு மேலே இருந்தது. அதிலிருந்து கம்பி, சுவரில் அடித்த மரப்பட்டிக்குள் மறைந்து ஓடி, கிழக்குக் கோடியில் இருந்த அறைக்குப் போனது. அது முசியேவின் மனைவி தையல்நாயகியின் அறை. வாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தவள். பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். அந்தக் கைக்கு எட்டும்படி, பேரிக்காய் வடிவத்தில் ஒரு மரப் பித்தானைக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அமுக்கினால் கூடத்தில் மணி அடிக்கும். அவளுக்கு மிச்சமிருந்த வாய் அதுதான்.

போன வருஷம் இதே மாதத்தில் அவள் போய்விட்டாள்.

"தூக்கத்துலயே போயிட்டாம்மா. மணி அடிக்கவே இல்ல" என்று மகள் சுலோசனாவிடம் முசியே சொன்னார். எழவுக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னார். நீதிமன்றத்தில் இருந்தவர், ஒரே வாக்குமூலத்தை வார்த்தை பிசகாமல் சொல்லத் தெரியும்.

இப்போது வருஷத் திதி. சாரம் என்கிற ஊரில் இருக்கும் புருஷன் வீட்டிலிருந்து சுலோசனா வெள்ளிக்கிழமை வந்து இரண்டு நாள் தங்கப்போகிறாள். அதற்குள் மணி நிற்க வேண்டும். இதுதான் அவசரம்.

முதலில் மின்சாரக் காரியாலயத்துக்கு மனுப் போட்டார். பிரெஞ்சில் எழுதியதை ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதியதற்குப் பதில் வந்தது: மணி அடிப்பதாகத் தாங்களே ஒப்புக்கொள்வதால், புகாருக்கு முகாந்திரம் இல்லை.

அடுத்து ரேடியோ ரிப்பேர் செய்யும் அம்மாவாசை ஏணியோடு வந்தார். ஒன்றே முக்காலுக்குப் பிறகு ஏணி மட்டும் இருந்தது. மூன்றாவதாக இராமதாஸ். "காலைல எப்ப வேணா கூப்பிடுங்க முசே. மத்தியானம் மட்டும் கூப்பிடாதீங்க" என்று தெருவில் நின்றபடியே சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

சமையற்காரி குஞ்சம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"எங்க தெருவுல பக்கிரின்னு ஒருத்தரு இருக்காரு முசே. மில்லுல கரண்டு வேலை. அவரு பயப்பட மாட்டாரு."

"அவ்வளவு தைரியசாலியா?"

"அதெல்லாம் இல்லீங்க. காது கேக்காது."

பக்கிரி வியாழக்கிழமை மத்தியானம் வந்தார். தறிக்கூடத்துச் சத்தத்தில் இருபத்தேழு வருஷம் நின்றதில் காது இரண்டும் போய்விட்டன. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பேசினால் மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

முசியே தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது சாதாரண மணி அல்ல. பிரான்சு தேசத்து மர்செய்யிலிருந்து கப்பலில் வந்தது. இதைத் தொடுகிற எலெக்த்ரிசியேன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால்..."

பக்கிரி முதுகைத் திருப்பி, கூடத்துச் சுவர் அலமாரியின் அடித்தட்டைத் திறந்துவிட்டதால், தெரிந்துகொள்ள வேண்டியது தெரியாமலே போயிற்று.

உள்ளே இரண்டு கண்ணாடி ஜாடிகள். இரண்டும் வறண்டு, விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தன. ஒன்றில் செத்த பல்லி.

"இதுல நவச்சாரத் தண்ணி ஊத்தி வெச்சாத்தான் மணிக்குக் கரண்டு" என்று கத்தினார் பக்கிரி. "இது காஞ்சு மாசக்கணக்காச்சு. மணி எங்கேருந்துங்க அடிக்கும்?"

அம்மாவாசை விட்டுப்போன ஏணியில் அவர் ஏறினார்.

சுவர்க் கடிகாரம் ஒன்றே முக்காலைத் தொட்டது.

வெளியே அலை உள்வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

மணி அடித்தது.

பக்கிரி திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே குஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்துவதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"அடிக்குதா?"

அவள் தலையாட்டினாள். அவர் உள்ளங்கையை எடுத்து மணியின் மேல் வைத்தார். மில்லில் மோட்டாரை அப்படித்தான் பார்ப்பார். காது போனவருக்குக் கைதான் காது. வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"அடிக்குது" என்றார். பிறகு, "சில்லுன்னு இருக்கு. யாரோ கையப் புடிச்சாப்ல."

இரண்டு கம்பியையும் கழற்றினார். திருகாணிகளைக் கழற்றினார். மணியைச் சுவரிலிருந்து பெயர்த்துக் கையில் ஏந்திக்கொண்டு படிப்படியாக இறங்கினார். கம்பி இல்லை. ஜாடியில் தண்ணீர் இல்லை. மேஜை விரிப்பின் மேல் வைத்தார்.

மணி மேஜை மேல் கிடந்து அடித்தது.

பக்கத்திலிருந்த கரண்டி நடுங்கியது.

நாலு. ஐந்து. ஆறு.

ஏழாவது பாதியில் அறுந்தது.

பக்கிரிதான் முதலில் அசைந்தார். பயம் வந்தால் வேலையைப் பார்ப்பது சிலருக்குப் பழக்கம். மரப்பட்டியின் மூடியை ஒவ்வொரு சாணாக நெம்பிக்கொண்டே சுவரோரம் போனார். பாத்திர அலமாரியை நகர்த்தினார். அதன் பின்னால் பட்டி ஒரு விரல் அளவுக்கு விலகியிருந்தது. உள்ளே கம்பி இரண்டாகக் கிடந்தது.

குனிந்து முனையைத் தடவிப் பார்த்தார்.

"உப்பு தின்னா பச்ச பூத்திருக்கும். எலி கடிச்சா பல்லு தெரியும். இது ஒரே நறுக்கு. பாக்குவெட்டி!"

செவிடருக்கு ரகசியம் பேச வராது. அந்தச் சொல் கூடம் முழுக்க அதிர்ந்தது.

குஞ்சம்மாள் முசியேவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் போய்ப் பாக்கறேன்னு சொன்னேனே அன்னைக்கு. நீங்கதான முசே, நீ பரிமாறு, நான் பாத்துக்கறேன்னீங்க?"

போன வருஷம், தையல்நாயகி போன அன்றைக்கு மத்தியானம், அந்தக் கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி ஒருவருக்கு. புதிய நிர்வாகத்துக்கு யோசனை சொல்ல ஒரு குழு அமைக்கப் போவதாகப் பேச்சு. அதில் ஓர் ஆசனம் முசியேவின் கனவு. பதினெட்டு பேர், நாலு வகை மீன், பிரான்சு தேசத்து ஒயின். மதுவிலக்கு ராஜ்யத்து அதிகாரி கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு மோர் கேட்டார். முசியே எழுந்து பிரெஞ்சில் உரையாற்றத் தொடங்கினார். அதிகாரிக்குப் பிரெஞ்சு தெரியாது.

உரையின் மூன்றாவது நிமிஷத்தில் மணி அடித்தது. விருந்தாளிகள் நிமிர்ந்தார்கள். முசியே குரலை உயர்த்தினார். மறுபடி அடித்தது. மறுபடி. ஆறாவது தடவைக்கு யாரோ சிரித்தார்கள். முசியே பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து பாத்திர அலமாரியில் சாய்ந்து நின்றார். தாம்பூலத் தட்டிலிருந்த பாக்குவெட்டி அவர் கைக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால், அலமாரிச் சந்தில் கையை விட்டு மரப்பட்டியை நெம்பி, விரலால் கம்பியைத் தேடினார்.

அதற்கப்புறம் உரை தடங்கலின்றி இருபது நிமிஷம் நடந்தது. நல்ல கைதட்டல்.

நாலு மணிக்கு அவர் அந்த அறைக்குப் போனபோது தையல்நாயகியின் கட்டைவிரல் பித்தானை அமுக்கியபடியே விறைத்திருந்தது. விரலைப் பிரிக்க அவர் குஞ்சம்மாளைக் கூப்பிடவில்லை. தானே பிரித்தார்.

அந்தக் குழு கடைசிவரை அமைக்கப்படவே இல்லை.

"நிறுத்தணும்னு கூப்ட்டீங்க" என்றார் பக்கிரி. "ஓடாததை எப்பிடிங்க நிறுத்தறது? அறுந்தத வேணா இணைச்சுத் தரேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அதான்."

முசியே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். குஞ்சம்மாள் அதற்குள் நவச்சாரம் கரைக்கத் தண்ணீர் எடுத்து வந்துவிட்டாள்.

வேலை முடிந்ததும் பித்தானை அமுக்கிப் பார்க்கப் பக்கிரிதான் கிழக்கு அறைக்குப் போனார். ஒரு வருஷமாக முசியே அந்த வாசலைத் தாண்டியதில்லை. மணி சுருக்கமாக ஒரு தரம் அடித்தது. பக்கிரி திரும்பி வந்து சாமான்களைப் பையில் போட்டார். அவர் தாழ்ந்த குரலில் பேசி அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

"உள்ள படுத்திருக்கறது யாருங்க?"

"யாரும் இல்லையே" என்றார் முசியே.

"மெத்த குழிஞ்சிருந்திச்சு. அதான் கேட்டேன்."

ஏணியை அம்மாவாசையிடம் சேர்த்துவிடுகிறேன் என்று தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சுலோசனா வந்தாள். அம்மாவுக்குப் பிடித்த கதம்பம் ஒரு முழம் வாங்கி வந்திருந்தாள். அப்பாவும் மகளுமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஒன்றே முக்கால் ஆயிற்று.

மணி அடிக்கவில்லை.

ஒன்று ஐம்பது. ஒன்று ஐம்பத்தைந்து. முசியேவுக்கு மூச்சு வந்தது. மோர் ஊற்றச் சொன்னார். மணிகளின் அமைப்பு பற்றியும், மில் தொழிலாளி ஒருவனுக்குத் தான் அதை விளக்க நேர்ந்தது பற்றியும் மகளுக்குச் சொல்லத் தொடங்கினார்.

அப்போது அடித்தது.

விட்டுவிட்டு அல்ல. ஒரே நீட்டாக. கம்பி முழுசாக இருந்ததால் இந்தத் தடவை எங்கும் அறுந்துபோகவில்லை.

சுலோசனாவின் கை சோற்றில் நின்றது.

"அம்மா ரூம்ல யாருப்பா?"

முசியே சோற்றைப் பிசைந்தார். குஞ்சம்மாள் மோர்ச் செம்போடு சுவரைப் பார்த்து நின்றாள். சுலோசனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் நிறம் போய்க்கொண்டிருந்தது.

"அன்னைக்கு அம்மா அடிச்சாங்களா?"

ஆயிரம் பேரின் வாக்குமூலத்தை எழுதிய கை மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டது.

"அடிச்சா."

"எத்தனை தடவை?"

"ஏழு."

"நீங்க?"

"கம்பிய நறுக்கிட்டேன்மா."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் எழுந்து கை கழுவினாள். ஈரக் கையோடு கிழக்கு அறைக் கதவு வரை போனாள். உள்ளங்கையைக் கதவில் வைத்து, நெற்றியை அதன்மேல் வைத்து, கொஞ்ச நேரம் நின்றாள். கதம்பத்தைத் தாழ்ப்பாளில் சுற்றினாள். திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"திதிய நாங்க சாரத்துலயே குடுத்துக்கறோம். நீங்க வர வேணாம்."

"சுலோசனா..."

"எங்கிட்ட என்னப்பா பேச்சு? போய் அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க."

ரிக்‌ஷா தெருமுனை திரும்பும்வரை மணி நிற்கவில்லை.

முசியே கதவைத் திறந்தார். பட்டப்பகலில் அறை இருட்டாக இருந்தது. தைலமும் கடல் ஈரமும் கலந்த பழைய வாடை. அவர் கால் உள்ளே பட்டதும் மணி நின்றது.

மெத்தையில் ஓர் உடம்பின் அளவுக்குப் பள்ளம்.

காற்றில்லாத அறையில் பித்தான் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன தையலு?" என்றார். தமிழில்தான்.

விசிறியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். வெளியே வந்தார். மணி அடித்தது. போர்வையைக் கொண்டுபோய்க் காலில் போர்த்தினார். வெளியே வந்தார். அடித்தது. தலையணையை உயர்த்தினார், ஜன்னலைத் திறந்தார். அடித்தது. கடைசியில் கட்டிலருகே மண்டியிட்டு, தான் ஒரு பாவி என்றும், அன்றைய சூழ்நிலையின் நிர்ப்பந்தங்களை அவள் அறிவாள் என்றும் விம்மி விம்மி ஒரு நீண்ட மன்னிப்புக் கோரத் தொடங்கினார்.

பாதிப் பேச்சில் மணி அடித்தது.

குஞ்சம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவள் கையில் ஒரு செம்பு. ஒன்றும் சொல்லாமல் நீட்டினாள். முசியே அதை வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

இரண்டு பேரும் நின்று கேட்டார்கள். மணி அடிக்கவில்லை.

விளக்கேற்றுகிற நேரத்துக்குக் கதவைத் திறந்து பார்த்தபோது, செம்பு அடிவரை காலியாக இருந்தது.

அவளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.