காணாமற்போன கடலேடு

புரட்டாசி பாதி கழிந்திருந்தது. மேல்காற்று தன் மழையையெல்லாம் மலைக்கு அளித்துவிட்டு ஓய்ந்தது. கீழ்காற்று இன்னும் கிளம்பவில்லை. இரு மழைகளுக்கும் இடையே வானம், திரை விலகுவதற்கு முன் சன்னிதியில் நிலவும் மௌனத்தைப் போல ஒலியடங்கி நின்றது. ஒன்பது நாள் சாம்பிராணி மணம் வலியசாலைத் தெருவின் ஓடுகளிலேயே தங்கிவிட்டது. தெற்கே விழிஞ்ஞத்துக் கடல், யாருக்கோ வழிவிட்டாற்போல அலையடக்கிக் கிடந்தது.

விஜயதசமி. காலை 7.10.

நைவேத்தியப் பாயசத்துடன் பூஜையறைக்குள் நுழைந்த ஆஷா, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அலறினாள்.

முன்தினம் சரஸ்வதி பூஜையில் மணைமேல் அடுக்கி, பட்டுத்துணியால் குறுக்கே கட்டிவைத்த புத்தகங்களுள் ஒன்றைக் காணோம். அவள் தம்பி சாயின் சிடிசி அது: கப்பலில் ஏற உரிமை தரும் கடலேடு. பத்தரை மணிக்கு விழிஞ்ஞத்தில் அவனுடைய முதல் கப்பலுக்குப் படகு புறப்படும். ஏடில்லாதவனை ஏற்றமாட்டார்கள்.

7.25. சுங்கத்துறையில் முப்பதாண்டு சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அடுத்த வீட்டு நாகலக்ஷ்மி வந்தாள். அப்போதுதான் கோவிலிலிருந்து திரும்பிய சாய், ஈர வேட்டியோடு விக்கித்து நின்றான்.

“கடைசியா எப்போடி பார்த்தே?”

“அஞ்சரைக்கு மாமி. சாய் கோவிலுக்குக் கிளம்பினப்போ விளக்கேத்திப் பூப் போட்டேன். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.”

“இப்போ?”

“வேற முடிச்சு. பாருங்கோ.”

இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று தழுவிப் படிந்த சப்பை முடிச்சு. ஆஷாவின் பார்வை, கூடத்தில் நின்ற அஜீஷின்மேல் பாய்ந்தது. சாயோடு கப்பற்பள்ளியில் படித்த மலையாளிப் பையன். வழியனுப்ப வந்து இரவு தங்கியவன். சாய் வராவிட்டால் அந்த இடம் அவனுக்கு என்று கம்பெனி சொல்லியிருந்தது. அவனும் பெட்டியோடுதான் வந்திருந்தான்.

“இது கப்பல்காரா போடற முடிச்சு. வேற யாரு மாமி?”

“சேச்சி, ஞான் அந்தப் பூஜைமுறிக்குள்ள கேறினதே இல்ல! களவாங்கணும்னா பெட்டியை நடுக்கூடத்தில வெச்சிட்டு நிப்பேனோ?”

“சாமர்த்தியமாப் பேசறான் கேட்டேளா!”

“செத்த சும்மா இரு ஆஷா,” என்ற நாகலக்ஷ்மி மணையருகே மண்டியிட்டாள். மாக்கோலத்தின்மேல் நேற்று இட்ட மணை. அதைச் சுற்றி, இன்று காலை தூவிய செம்பருத்தி இதழ்கள். வடப்புற விளிம்பின் அடியில் நான்கு இதழ்கள் நசுங்கியிருந்தன. தென்புறத்திலோ இரண்டு விரற்கடை அகலத்துக்குக் கோலம் இதழ் ஒன்றுமின்றி வெறிச்சிட்டிருந்தது.

முப்பதாண்டுகளில் எத்தனையோ கள்ளப்பெட்டிகளைத் திறந்தவளுக்கு இப்படியொரு திருட்டு புதிது.

“ஆஷா, மணையைத் தொட்டியா?”

“நைவேத்தியமே ஆகலையே மாமி!”

“சாய், நீ?”

“நான் இப்போதானே வரேன்.”

நாகலக்ஷ்மி திரும்பினாள். ஆஷாவின் தந்தை ஸ்ரீனிவாசன் வாசற்படியருகே நின்றிருந்தார். ஒரு காலத்தில் கப்பல் எஞ்சினியர். பதினைந்து ஆண்டுகளாகக் கடல் பக்கமே திரும்பாதவர்.

“சீனு, எப்போ குளிச்சே?”

“ஆறு மணிக்கு, அக்கா.”

“அப்புறம்?”

“விபூதி இட்டுண்டேன்.”

“அவ்வளவுதானா?”

நாகலக்ஷ்மியின் குரல் தணிந்தது.

“பூஜை முடிஞ்சா மணையை வடக்கே செத்த நகர்த்தி, அம்பாளை வழியனுப்பிட்டுத்தான் நாம ஒரு தாளையானும் எடுப்போம். அஜீஷ் வீட்டிலேயும் புஸ்தகம் பூஜைக்கு வெப்பா. ஆனா இந்த வழக்கம் கிடையாது. அவன் எடுத்திருந்தா உருவிண்டு போயிருப்பான். மணை பூப் போட்டதுக்கு அப்புறம் நகர்ந்திருக்கு. இதழ் அடியில நசுங்கியிருக்கு. எடுத்தவாளுக்கு இந்தாத்து ஆசாரமும் தெரியும், கப்பல் முடிச்சும் தெரியும். ஆஷாவுக்கு முடிச்சு தெரியாது. சாய் கோவில்ல இருந்தான். ரெண்டும் தெரிஞ்சவன் நீ ஒருத்தனாக்கும். திருடறச்சேகூட உத்தரவு வாங்கிண்டுதான் திருடியிருக்கே, சீனு.”

ஸ்ரீனிவாசன் உள்ளே போய்ப் பழைய தகரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். இரண்டு கடலேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. முத்திரைகளால் நிறைந்து பழுப்பேறியது அவருடையது. வெற்றுத் தாள்களோடு சாயினுடையது.

“கொள்ளைக்காரா எங்க கப்பலைப் பிடிச்சு ஏழு மாசம் வெச்சிருந்தா. விடுவிச்ச அன்னிக்கு ஆத்துக்குப் பேசப் போன் குடுத்தா. எடுத்தது ஆஷா. பத்து வயசு. ‘அம்மா போயி பன்னெண்டு நாளாச்சுப்பா’ன்னா.” அவர் மகனைப் பார்த்தார். “கடலுக்குப் பயமில்லைடா. அந்த மாதிரி ஒரு சேதி உனக்கு வந்துடக் கூடாது.”

“அப்பா,” என்றான் சாய், “எனக்கும் பயந்தான். இருந்தாலும் போகணும்.”

தந்தை மகனின் ஏட்டை இரு கைகளாலும் எடுத்து நீட்டினார்.

ஆஷா கூடத்துக்கு வந்தாள். “அஜீஷ், மன்னிச்சுக்கோடா.”

“சாரமில்ல சேச்சி. ரெண்டு டம்ளர் பாயசம் தந்தா கேஸ் வாபஸ்.”

10.20. விழிஞ்ஞம்.

படகுத்துறைக்கு அப்பால், கோபுரமொன்று நீரில் சாய்ந்து மிதந்தாற்போல நின்றது கப்பல். அதன் முன்னே மனிதர் எல்லோரும் எறும்பாயினர். அதைக் கண்ட நாகலக்ஷ்மியின் கைகள் தாமே குவிந்தன.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்ரீனிவாசன் படித்துறையின் கடைசிப் படிவரை இறங்கினார். குனிந்து, கடல்நீரை இரு உள்ளங்கைகளிலும் அள்ளிக் கண்களில் ஒற்றி, உதடு அசையாமல் ஏதோ சொல்லி, மீண்டும் கடலுக்கே விட்டார்.

சாய் கல்தரையில் விழுந்து வணங்கினான். அஜீஷும் தயங்கியபடி அவனருகே விழுந்தான். நனைந்த கைகளை இருவர் தலைமீதும் வைத்தார் ஸ்ரீனிவாசன்.

“தீர்க்காயுசா இருங்கோடா. போற திசையெல்லாம் நல்ல காத்தும், திரும்பறச்சே நல்ல கரையும் கிடைக்கட்டும்.”