செவ்வாய்க்கிழமைகளில் தட்டும் கார்

நிலாந்தி காரைக் கொண்டுவந்து செபஸ்தியம்மா வீட்டுப் படலையடியில் நிறுத்தினாள். இறங்கிய பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்காவற்றுறையில் அன்று கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய முகம் வெளிறியிருந்ததற்குக் காற்று காரணமில்லை என்று செபஸ்தியம்மா உடனே தீர்மானித்தாள். கழுவிக்கொண்டிருந்த மீனைக் குசினியில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

செபஸ்தியம்மாவின் கணவர் எமிலியானுஸ், இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றுக்காக விபத்தில் சிக்கிய வாகனங்களைப் பரிசோதித்து உண்மையையும் புளுகையும் பிரித்தே தலை நரைத்தவர். ஓய்வுபெற்ற பின்னும் தீவுப்பகுதியில் மர்மம் என்று ஏதாவது நடந்தால் அவரைத் தேடி ஆள் வரும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் செபஸ்தியம்மா ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்து முடித்துவிடுவாள். பெரும்பாலும் பிழையான ஆளைத்தான்.

"கார் தட்டுது, ஐயா," என்றாள் நிலாந்தி.

"எஞ்சினோ?"

"இல்லை, பின்னாலை. பிறேக் பிடிச்சால் ஒரு தட்டு. பள்ளத்தில இறங்கினால் ரெண்டு. உள்ளுக்கை ஆரோ இருந்துகொண்டு, திறந்து விடச் சொல்லித் தட்டுற மாதிரி. எல்லா நாளும் இல்லை. சனிக்கிழமையளில கராச்சுக்குக் கொண்டுபோவன், அங்க மூச்சும் காட்டாது. சைலன்சரும் மாத்தியாச்சு. செவ்வாய்க்கிழமை வந்தால் திரும்பத் தொடங்கிவிடும்."

"கராச்காரன்தான்," என்று செபஸ்தியம்மா கணவரின் காதுக்குள் சொன்னாள். "காசு பிடுங்கிறதுக்கு ஏதோ செய்துபோட்டான்."

"கொஞ்சம் பொறும்," என்றார் எமிலியானுஸ். "பிள்ளை, உதுக்கு இவ்வளவு பயப்பிடுவான் ஏன்?"

நிலாந்தி சொன்ன கதை இதுதான். கார் அவளுடைய தந்தை தயாபரனுடையது. பழைய மொறிஸ் மைனர். போர்க்காலத்தில் அவர்கள் சுருவிலில் இருந்து இடம்பெயர்ந்து மானிப்பாயில் வாடகைக்கு இருந்தார்கள். சுருவிலில் இருந்தபோதே, வெளிநாடு போக ஏஜென்சிக்காரனுக்குக் கட்டுவதற்கென்று தயாபரன் மனைவி யோகம்மாவின் தாலிக்கொடியைக் கேட்டிருந்தார். யோகம்மா தாலியை மஞ்சள் கயிற்றில் கோர்த்துப் போட்டுக்கொண்டு கொடியைக் கழற்றிக் கொடுத்தார். மானிப்பாய்க்கு வந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, தயாபரன் காரை வீட்டில் விட்டுவிட்டு, கிளாலிக் கடலேரியில் வள்ளமேறிக் கொழும்புக்குப் போவதாகப் புறப்பட்டார். வழியனுப்பப் போன தம்பி குலசிங்கம் மட்டும் திரும்பி வந்தார். தயாபரனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு, அவர் பிரான்ஸில் வேறொருத்தியுடன் இருப்பதாகக் குலசிங்கம் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அன்றிலிருந்து நிலாந்தி ஊருக்குள் ஓடிப்போனவனின் பிள்ளை. இன்று ஆசிரியையாகிவிட்ட பிறகும் அதுதான் அவளுடைய பெயர்.

"இப்ப அம்மா சொல்லுறா, அப்பா செத்துப்போனார், காருக்கை இருந்து தட்டுறார் எண்டு. சாப்பாடில்லை. பின்சீற்றில போய்க் குந்தியிருந்து, 'தட்டுங்கோ, நான் இருக்கிறன்' எண்டு கதைக்கிறா. சித்தப்பா சொல்லுறார், நாளைக்கே காரை வெட்டி இரும்புக்காரனுக்குக் குடுப்பம் எண்டு." அவளுடைய குரல் உடைந்தது. "அப்பா செத்திட்டாரெண்டால் நான் அழுதுபோட்டு இருப்பன், ஐயா. விட்டிட்டு ஓடினவரெண்டால் அதையும் தாங்குவன். ரெண்டில எது எண்டு தெரியாமல் இனி இருக்க ஏலாது."

எமிலியானுஸ் காரடிக்குப் போனார்.

"சத்தம் எப்ப தொடங்கினது?"

"இந்தப் பெற்றோல் தட்டுப்பாட்டோட. வைகாசி, ஆனி இருக்கும்."

"பெற்றோல் முள்ளு ஆடுறேல்லையே?" அவர் கண்ணாடிக்குள் இருந்த அளவுமானியை விரலால் சுண்டினார்.

"என்ர அறிவுக்கு அது ஆடினதேயில்லை. எவ்வளவு கிடக்கெண்டு தெரியாதபடியால் எப்பவும் டாங்கை நிரப்பியே வைச்சிருப்பம். இப்ப எங்க நிரப்பிறது? வெள்ளிக்கிழமை வரிசையில நிண்டு, கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கொருக்காத் தாற பங்கை அடிக்கிறதுதான்."

செபஸ்தியம்மாவுக்குச் சலிப்பாக இருந்தது. ஆவி தட்டுகிறது என்று ஒரு பிள்ளை நடுங்கி நிற்க, இந்த மனிதர் பெற்றோல் விலை விசாரிக்கிறார். எமிலியானுஸ் பொனற்றைத் திறந்தார். ஒரு பக்கத்தில் துருப்பிடித்த கம்பி வளையம் ஒன்று முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"இது சேலைன் போத்தில் தொங்கவிட்ட வளையம்," என்றார். "பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில முழு யாழ்ப்பாணமும் மண்ணெண்ணெயிலதானே ஓடினது. போத்திலுக்குள்ள கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அதுக்கும் ஒரு கான் முன்னுக்கே இருக்கும்."

வளையத்துக்குக் கீழே வேறொன்றும் தொங்கியது. கறுப்பு நூல் சுற்றிய செப்புத் தகடு, மந்திரித்தது. நூல் புதிது.

"இதை ஆர் கட்டினது?"

"நான் இல்லை. அம்மாவுக்குப் பொனற் திறக்கவே தெரியாது." நிலாந்தி யோசித்தாள். "சித்தப்பாவாத்தான் இருக்கும். சத்தம் தொடங்கின நாளையில இருந்து அவர் இதில ஏறுறேல்லை."

எமிலியானுஸ் தகட்டைத் தொடாமல் பொனற்றை மூடினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பின் சாயல் போய்விட்டதைச் செபஸ்தியம்மா கவனித்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

சுருவிலுக்கு மூவரும் அந்தக் காரிலேயே போனார்கள். அன்றும் செவ்வாய்க்கிழமை. பின்சீற்றில் இருந்த செபஸ்தியம்மா செபமாலையை மடிக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். உவர் வெளியைத் தாண்டி, கூரையில்லாத வீடுகள் நின்ற பகுதியில் ஆடொன்று குறுக்கே பாய்ந்தது. நிலாந்தி பிறேக்கை மிதித்தாள். செபஸ்தியம்மாவின் முதுகுக்குப் பின்னால், வெகு கிட்டத்தில், ஒரு தட்டு. கார் மறுபடி புறப்பட்டபோது இன்னொன்று. வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகப்பட ஒரு ஆளும் கிடைக்கவில்லை.

யோகம்மா வாசலில் காத்திருந்தார். கார் நின்றதும் யாரையும் பாராமல் வந்து, செபஸ்தியம்மா எழுந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து, சீற்றின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். முற்றத்து மூலையில் குலசிங்கம் நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, மரியாதையான மனிதர். காருக்கும் அவருக்கும் இடையில் முழு முற்றமும் கிடந்தது.

"வந்தது நல்லதாய்ப் போச்சு," என்றார் அவர். "அண்ணியைப் பாருங்கோ. உயிரோட இருக்கிறவனைச் செத்தவனாக்கி வைச்சிருக்கிறா. நீங்கள் சொன்னால் கேப்பா. காரை வெட்டிவிடுவம்."

எமிலியானுஸ் குடிக்கத் தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் போனார். அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தவர், "நல்ல சீமேந்துத் தரை," என்றார். "பழைய சுண்ணாம்புச் சுவருக்கு இவ்வளவு புதுத் தரையோ?"

"தம்பி செய்வித்தது," என்று யோகம்மா காருக்குள் இருந்தபடி சொன்னார். "இடம்பெயர்ந்து நாங்கள் திரும்பி வாறதுக்கு முன்னமே வந்து, எல்லா அறையையும் கிண்டி, புதுசாய்ப் போட்டு வைச்சிருந்தவர். சாமியறையும் விடேல்லை. அவருக்கு நாங்கள் செய்த கைம்மாறு ஒண்டுமில்லை."

இப்படிப்பட்ட கொழுந்தன் யாருக்குக் கிடைப்பான் என்று செபஸ்தியம்மா நினைத்தாள். கணவரைப் பார்த்தபோது அந்த நினைப்பு அரைவாசியில் நின்றது.

எமிலியானுஸ் கதிரை ஒன்றை இழுத்துக் காருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

"முதலில சத்தத்தைப் பற்றிச் சொல்லுறன். இது செவ்வாய்க்கிழமைச் சத்தம் இல்லை. பெற்றோல் குறையிற சத்தம். வெள்ளிக்கிழமை அடிக்கிறியள், சனிக்கிழமை கராச்சில தட்டாது. ஓடி ஓடிச் செவ்வாய்க்கிழமை அடிமட்டத்துக்கு வரும், தட்டும். இவ்வளவு வருசமும் ஏன் கேக்கேல்லை? டாங் எப்பவும் நிறைஞ்சு கிடந்தது. நிறைஞ்ச டாங்குக்குள்ள எது உருண்டாலும் பெற்றோல் அமுக்கிவிடும்."

"டாங்குக்குள்ள ஒரு சாமான் கிடக்கெண்டோ?" என்றாள் நிலாந்தி.

"ஓம். எப்ப போனது எண்டு முள்ளு சொல்லுது. டிக்கிக்குள்ள, விரிப்புக்குக் கீழ, டாங்கின்ர மேல்மூடி இருக்கு. முள்ளை ஆட்டுற மிதவை அதிலதான் தொங்கும். அந்த மூடியைக் கழற்றிப் பூட்டினவர் மிதவைக் கம்பியை வளைச்சுப்போட்டார். ஆர் அவர்? மண்ணெண்ணெயில ஓடின காலத்தில டாங் காய்ஞ்சு கிடந்தது. காய்ஞ்ச டாங்கைப் போல ஒளிக்கிற இடம் வேற இல்லை. எந்தச் சென்றியில மறிச்சுச் சோதிச்சாலும் அதைத் திறந்து பார்க்கமாட்டினம். அப்ப இந்தக் காரை வைச்சிருந்தது ஒரே ஆள், உங்கட அப்பா."

யோகம்மா சீற்றில் இருந்து கையை எடுத்தார்.

எமிலியானுஸ் முற்றத்து மூலையைப் பார்த்தார். "திறக்கிறதுக்கு முன்னம் ஒண்டு. கடைசியாய் அவரைக் கண்டது நீங்கள். கொடியை அவர் கொண்டுபோனதைக் கண்டனீங்களோ?"

"கண்டனான்," என்றார் குலசிங்கம். "எத்தனை தரம் சொல்லியிருப்பன். வள்ளத்தில ஏற முன்னம் இடுப்புப் பட்டியை அவிழ்த்துக் காட்டினவன். லாம்பு வெளிச்சத்தில கொடி மின்னினது. 'நான் போறன்ரா தம்பி, இவளவையைப் பார்' எண்டு சொன்னவன்."

"கண்ணால கண்டனீங்கள்?"

"இந்த ரெண்டு கண்ணால."

எமிலியானுஸ் தலையாட்டினார். டிக்கியைத் திறந்து மூடியின் திருகாணிகளைக் கழற்றினார். துவாரம் கை போகாத அளவுக்குச் சிறிது. அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். மண்டைதீவுக் கடற்கரையில் பிறந்து தூண்டிலோடு வளர்ந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கம்பியொன்றை வாங்கிச் சுருக்குப் போட்டு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு துழாவினாள். ஏதோ இடறியது, நழுவியது, மறுபடி அகப்பட்டது. மெல்ல மெல்ல மேலே வந்தது ஒரு பித்தளை ரோச்லைற். பற்றரி போடும் அடிமூடியைச் சுற்றி நூலும் அரக்கும் இறுகிக் கிடந்தன.

"எங்கட ரோச்," என்றார் யோகம்மா.

எமிலியானுஸ் அடிமூடியைத் திருகித் திறந்து, கதிரையில் கவிழ்த்துத் தட்டினார். தாலிக்கொடி சுருள் அவிழ்ந்து விழுந்தது.

"அப்ப அப்பா இதைக் கொண்டு போகேல்லை," என்றாள் நிலாந்தி மெதுவாக.

"கொண்டு போறதாய் எல்லாருக்கும் சொன்னவர். ஆனால் வைச்சிட்டுத்தான் போனவர். ஏஜென்சிக்காரனோட கதைச்சு முடிச்சு, திரும்பி வந்து எடுக்கிற எண்ணம். ஓடிப்போறவர் கொடியை வீட்டு வாசலில விட்டிட்டுப் போகமாட்டார், பிள்ளை."

"எனக்கேன் சொல்லேல்லை?" என்று யோகம்மா கேட்டார்.

எமிலியானுஸ் சிறிது தயங்கினார். "நீங்கள் ஒருத்தரை முழுசாய் நம்பினனீங்கள். உங்களிட்டைச் சொன்னால் அவருக்கும் தெரியவரும் எண்டு நினைச்சிருப்பார்."

குலசிங்கத்தின் பக்கம் அவர் திரும்பவில்லை. கொடியைப் பார்த்தபடியே பேசினார்.

"லாம்பு வெளிச்சத்தில மின்னின கொடி இங்க கிடக்கு. அப்ப நீங்கள் கண்டது எதை? கொடி கடல் தாண்டிப் போனதை அறிஞ்ச ஆள் இந்த வீட்டுத் தரையைச் சாமியறை வரைக்கும் கிண்டுவானோ? கொடி அவரிட்டை இல்லை, எங்கயோ புதைச்சிருக்கிறார் எண்டு தெரிஞ்ச ஆள்தான் கிண்டுவான். அண்ணை பிரான்ஸில இருக்கிறார் எண்டு சொல்லுறியள். காருக்கை தட்டினவுடன தகடு மந்திரிச்சுக் கட்டுறியள். உயிரோட இருக்கிறவனுக்கு ஆர் தகடு கட்டுறது?"

குலசிங்கம் அந்தக் கேள்விகள் ஒன்றையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவருடைய கண்கள் கொடியில் நின்றன. காரை நெருங்காமல் நின்ற மனிதர் முற்றத்தைக் கடந்து ஒவ்வொரு அடியாக வந்தார். யாரோ தன்னைப் பெரிதாக ஏமாற்றிவிட்டதுபோல அவருடைய வாய் கோணியது.

"அண்டைக்கு நான் வடிவாய்த் தேடினனான்," என்றார். "இடுப்புப் பட்டி, மடி, செருப்பு எல்லாம். அவனிட்டை ஒண்டும் இருக்கேல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. செபஸ்தியம்மா அந்த முகத்தைப் பார்க்க ஏலாமல் நிலாந்தியைப் பிடித்து அணைத்துக்கொண்டாள். எமிலியானுஸ் கைத்தொலைபேசியை எடுத்து, படலையை மறித்து நின்றபடி பொலிசுக்கு அழைத்தார். குலசிங்கம் ஓடவில்லை. காரின் சில்லோரம் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

யோகம்மா காரை விட்டு இறங்கி வந்து அவர் முன் நின்றார்.

"தண்ணிக்குள்ளயோ தம்பி, கரையிலயோ?"

"கரையில," என்றார் குலசிங்கம். "பத்தைக்குள்ள."

"புதைச்சனீரோ?"

"ஓம்."

யோகம்மா அழவில்லை. "தீபாவளிக்குத் தீபாவளி நீர்தானே எனக்குச் சேலை வாங்கி வந்து தந்தனீர். 'அண்ணை வருவார், வெறும் நெத்தியோட நிக்காதேங்கோ அண்ணி' எண்டு சொல்லிச் சொல்லித் தந்தனீர். சிவப்பும் பச்சையுமாய் அலுமாரி நிறையக் கிடக்கு. நானும் கட்டினனான். கட்டிக்கொண்டு கலியாண வீடுகளுக்கும் போனனான்."

குலசிங்கம் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார். யோகம்மா அவரை விட்டுத் திரும்பி, மகளை அணைத்து நின்ற செபஸ்தியம்மாவிடம் வந்தார்.

"தங்கச்சி, உங்களிட்டை வெள்ளைச் சேலை ஒண்டு இருக்குமோ?" என்று கேட்டார். "என்னட்டை ஒண்டும் இல்லை."