ஒடிந்த குக்ரியும் இரண்டாம் தட்டுச் சோறும்

மனதோஜ் லிம்பு காலைச் சோற்றில் கை வைக்கப் போன நேரத்தில் சுக்மாயா முற்றத்தில் வந்து நின்றாள். மேட்டுக் கிராமத்திலிருந்து இரண்டு மணி நேர இறக்கத்தை அவள் ஒரே மணி நேரத்தில் ஓடி வந்திருந்தாள். ஒரு கால் செருப்பு வழியில் எங்கோ போய்விட்டது. அது போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“அண்ணே, நாலு மணிக்கு போலீஸ் ஜீப் வருது. அதுக்குள்ள நீங்க வரணும். இல்லேன்னா எங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோயிடுவாங்க.”

மனதோஜ் முப்பது வருடம் போலீசில் இருந்துவிட்டு இப்போது ஏலக்காய் வளர்க்கிறவர். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து அவசரப்பட அவருடைய மச்சினன் ஹர்கமான் இருந்தான். லாரி ஓட்டுவது அவன் தொழில், துப்பறிவது ஆசை. இந்த இரண்டில் எதிலும் அவன் பிரேக் போட்டதாகச் செய்தி இல்லை.

“உட்காரு தங்கச்சி. மூச்சு விட்டுட்டுச் சொல்லு” என்றார் மனதோஜ்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். அவள் கணவன் ஐதவீர் விஸ்வகர்மா அந்த மலையில் பெயர் சொல்லும் கொல்லன். மலையேற்ற வழிகாட்டிகள் சங்கத்துக்கு ஒரே மாதிரியாக நாற்பது குக்ரி வேண்டியிருந்தது. காட்டில் விறகு வெட்ட, பாதை திருத்த, கூடாரத்துக்கு முளை சீவ, தனியாக மாட்டிக்கொண்டால் உயிர் பிழைக்க, எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி. எந்தக் கத்தி என்று முடிவு செய்ய, சங்கத் தலைவர் ஜஸ்ஹாங் ராய் மேட்டுக் கிராமத்தில் ஹரிகலா பட்டராயின் வீட்டில் முகாம் போட்டு மூன்று கத்திகளைச் சோதித்தார். ஒன்று ஐதவீர் அடித்தது, அகலமும் கனமுமானது. இன்னொன்று ஜஸ்ஹாங் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பழைய ஒல்லிக் கத்தி. மூன்றாவது டேக் பகதூர் கார்க்கி என்ற வியாபாரி கொண்டுவந்த தொழிற்சாலைச் சரக்கு. அதற்கு ரப்பர் பிடியும் முதுகில் ரம்பப் பல்லும் உண்டு.

“முதல் நாள் இவரு கத்திதான் முன்னாடி இருந்துச்சு. கல்லு மாதிரி சால் மரத்துல போட்டப்போ கூர் லேசா மடங்குச்சு, அவ்வளவுதான். ரெண்டாம் நாள், அதான் நேத்து காலையில, விறகு பிளக்கிற சோதனை. சங்கத்து வழிகாட்டிப் பையன் மிங்மா கட்டையில கத்தியை வெச்சு முதுகுல மரச்சுத்தியால அடிச்சான். கத்தி ரெண்டாப் போச்சு, அண்ணே. துண்டு பறந்து வந்து அவன் வலது கையில…” அவள் தன் வலது கையைப் பொத்திக்கொண்டாள். “ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க. மூணு விரல் நிக்குமான்னு தெரியலையாம்.”

“கத்தி ஒடியறது குத்தமில்லையே” என்றான் ஹர்கமான்.

“இவரு முந்தின நாள் மத்தியானம் யாருக்கும் தெரியாம அடுப்பில கத்தியை மறுபடி காய்ச்சினாருன்னு டேக் பகதூர் சொல்றாரு. கண்ணால பார்த்தாராம். அதை ஒத்துக்கிட்டுக் காகிதத்துல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டா பட்டறை போச்சு. போடலேன்னா ஆளே போயிடுவாரு.” சுக்மாயா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ரத்தத்தைப் பார்த்ததிலேர்ந்து ‘என் கத்திதானே, என் கத்திதானே’ன்னு புலம்பிக்கிட்டு இருக்காரு. செய்யாததுக்குக் கையெழுத்துப் போட்டுடுவாரோன்னு பயமா இருக்கு.”

மனதோஜ் தட்டை மூடி வைத்தார். “உன் இடுப்புல இருக்கிறது அவன் அடிச்ச கத்திதானே? அதை எடுத்துக்கிட்டு வா. ஹர்கா, அரம் ஒண்ணு எடுத்துக்க.”

ஜீப் பாதை மலையின் மறுபக்கம் இருந்தது; ஒற்றையடிப் பாதை ஏற்றம் மூன்று மணி நேரம் பிடித்தது. ஹர்கமான் வழியெல்லாம் குற்றவாளியைக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தான். “அத்தான், அந்தப் பட்டாளத்துக்காரர்தான். தன் கத்தி தோத்துடக் கூடாதுன்னு செஞ்சிருப்பாரு.” அரை மணி கழித்து, “இல்ல, மிங்மாவேதான்” என்றான்.

“தன் விரலைத் தானே வெட்டிக்கிட்டானாக்கும். பேசாம நட. மூச்சாவது மிச்சமாகும்” என்றார் மனதோஜ்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. ஐதவீர் ஹரிகலாவின் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். சோதனை நடந்த நாட்களிலும் அவனுக்கு அங்கேதான் படுக்கை, அங்கேதான் சாப்பாடு. கொல்லன் சாதி தீட்டு என்பதைச் சட்டம் எப்போதோ ஒழித்துவிட்டது. அந்தச் சட்டம் ஹரிகலாவின் அடுப்படிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. கொட்டகைக் கம்பத்தில் அவனுக்கென்று ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவனே குடித்து அவனே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அவன் முன்னால் காகிதமும் பேனாவும் இருந்தன.

“போட்டியா?” என்றார் மனதோஜ்.

“இன்னும் போடல, ஐயா.”

“நீ காய்ச்சினியா?”

“இல்ல. ஆனா இரும்புக்குள்ள எங்கயாவது விரிசல் இருந்து நான் கவனிக்காம விட்டிருந்தா? பழைய ஜீப்போட வில்லுத் தகடு ஐயா அது. அந்தப் பையன் கை…” அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

“பேனாவை இங்க குடு” என்று வாங்கித் தன் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார் மனதோஜ்.

ஜஸ்ஹாங் ராய் திண்டாடிப் போயிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் நடத்திய சோதனையில் அவருடைய ஆளின் கை போய்க்கொண்டிருந்தது. ஒடிந்த இரண்டு துண்டுகளையும் துணியில் சுற்றி வைத்திருந்தார். மனதோஜ் அவற்றை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஹர்கமானிடம், “முதுகுல அரத்தைப் போடு” என்றார்.

அரம் வழுக்கியது. ஒரு கீறல்கூட விழவில்லை.

“இப்ப சுக்மாயா கத்தியோட முதுகுல போடு.”

அரம் கடித்தது, தூள் உதிர்ந்தது. அதன் கூர்ப்பக்கம் போட்டபோது மட்டும் வழுக்கியது.

“அத்தான், ஒண்ணு முழுக்கக் கெட்டி, ஒண்ணு வாய் மட்டும் கெட்டி!”

“கத்தாதே. அந்த முத்திரையையும் பாரு.”

ஒடிந்த கத்தியில் ஐதவீரின் முத்திரைப் பள்ளத்துக்குள் கறுப்புப் பொருக்கு அடைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கப்பட்டிருந்தது. பிடியில், சூட்டில் கருகாமல் இருக்க ஈரத்துணி சுற்றியிருந்த அடையாளமாக மரம் வெளுத்திருந்தது.

அடுத்து மனதோஜ் ஹரிகலாவைத் தேடிப் போனார். லிம்பு பழங்குடிக்காரரான அவரும் அந்தப் பிராமண வீட்டில் அடுப்படி வாசலோடு நிற்க வேண்டியவர்தான், அதனால் படிக்கு இப்பால் நின்று பேசினார். அந்த அம்மாளுக்கு வயது ஐம்பது இருக்கும். நாக்கு அதைவிடக் கூர்மை.

“முந்தாநாள் மத்தியானம் எங்கே இருந்தீங்க, அக்கா?”

“புல்லறுக்கப் போனேன். எல்லாரும் ஓடைக்குப் போயிட்டாங்க, கயிறு அறுக்கிறாங்களாம், மூங்கில் வெட்டுறாங்களாம். டேக் பகதூர் மட்டும் தலைவலின்னு வீட்ல படுத்திருந்தாரு. கொல்லன் கொட்டகையில உறை தைச்சுக்கிட்டு இருந்தான்.”

“திரும்பி வந்து சமைச்சீங்களா?”

“பின்ன? பத்துப் பேருக்கு யாரு வடிச்சுக் கொட்டுறது? அடுப்பு சூடாவே இருந்துச்சு, சீக்கிரம் பத்திக்கிச்சு. தண்ணிக் குடத்துலதான் என்னமோ கறுப்பாப் பொருக்கு பொருக்கா கிடந்துச்சு. கூரைக் கரின்னு நினைச்சு வடிகட்டிட்டேன். முதல்ல சாமிக்குப் படைச்சேன். எல்லாரும் நல்லாத்தான் சாப்பிட்டாங்க. டேக் பகதூர் ரெண்டாம் தட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. சுத்தபத்தமான மனுஷன், என் கையால மட்டும்தான் சோறு திம்பாரு.”

மனதோஜ் படியிலிருந்தே அந்த அடுப்பை எட்டிப் பார்த்தார். செம்மண் பூசி மெழுகிய அடுப்பு. பக்கத்தில் ஊதுகுழல் சாய்ந்திருந்தது.

மூன்றரை மணிக்கு அவர் எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்தார். சுக்மாயா பாதையின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் எந்த வண்டி உறுமினாலும் ஓரடி முன்னால் போய் எட்டிப் பார்த்தாள்.

டேக் பகதூர் வெள்ளை வேட்டியில் வந்தார். அன்று காலைதான் கடைத்தெருவில், கொல்லன் குடித்த கடை என்று தெரிந்து பாதி டீயைக் கீழே ஊற்றியவர் அவர். ஊருக்கே அது தெரியும், தெரிய வேண்டும் என்றுதான் ஊற்றினார். ஐதவீரிடமிருந்து பத்தடி தள்ளியே நின்றார்.

“நீங்க பார்த்ததைத் தெளிவாச் சொல்லுங்க. ஜீப்புல வர்றவங்களுக்கும் அதையே சொல்லணும்” என்றார் மனதோஜ்.

“எத்தனை தடவை சொல்றது? மூணு மணி இருக்கும். தலைவலியில படுத்திருந்தேன். பார்த்தா இவன் அடுப்படியிலேர்ந்து கத்தியோட வெளியே வர்றான். கத்தியிலேர்ந்து ஆவி பறக்குது. கூர் மடங்கினதைக் கெட்டியாக்கப் பார்த்திருக்கான்.”

“அடுப்படிக்கு உள்ளேர்ந்தா? வாசல்லேர்ந்தா?”

“உள்ளேர்ந்துதான். ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.”

“சந்தேகமே இல்லையே?”

“என்னய்யா சந்தேகம்? பசுபதிநாதர் மேல ஆணையாச் சொல்றேன்.”

“நல்லது” என்றார் மனதோஜ். “இப்ப நான் சொல்றேன். இந்தக் கத்தி முதல் நாள் சால் மரத்துல கூர் மடங்குச்சு. மடங்குற அளவுக்கு இளக்கம் இருந்துச்சு. மறுநாள் அரமே இறங்காத அளவுக்குக் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. நடுவுல யாரோ காய்ச்சியிருக்காங்க, அது உண்மை. காய்ச்சின இரும்புல உரியிற பொருக்கு முத்திரைக்குள்ள இருக்கு, அதுவும் அதைத்தான் சொல்லுது.”

ஜஸ்ஹாங் பெருமூச்சு விட்டார். சுக்மாயா ஐதவீரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டி வந்த ஆளே கவிழ்க்கிறாரோ என்று அவள் பயந்ததில் தப்பில்லை.

“ஆனா ஐதவீர் காய்ச்சியிருந்தா என்ன செஞ்சிருப்பான்? டீ கெட்டில்ல தண்ணியை எடுத்து, பழுத்த கத்தியோட வாய் மேல மட்டும் ஊத்துவான். முதுகை இளக்கமா விட்டுடுவான். அப்பதான் அடி தாங்கும். இதோ அவன் பொண்டாட்டி கத்தி, அப்படித்தான் இருக்கு. ஒடிஞ்சதை முழுசாக் குடத்துல முக்கியிருக்காங்க. அப்படி முக்குனா அடுத்த அடியில ஒடியும்னு கொல்லன் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“அவசரத்துல முக்கியிருப்பான்” என்றார் டேக் பகதூர்.

“அப்படியே இருக்கட்டும். கார்க்கி, அன்னைக்கு மூணு மணிக்கு ஐதவீர் இந்த அம்மாவோட அடுப்படிக்குள்ள போனதைப் பார்த்தீங்க. ஆறு மணிக்கு அதே அடுப்புச் சோத்தை ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க. அவன் குடிச்ச கடைன்னு டீயையே ஊத்துற ஆளு, அவன் தொட்ட அடுப்புச் சோத்தை எப்படி முழுங்கினீங்க?”

டேக் பகதூர் ஹரிகலாவைத் திரும்பிப் பார்த்தார்.

“நான்… இவனை அவமானப்படுத்த வேண்டாம்னு…”

ஹரிகலா படியிறங்கி வந்தாள். “அடப்பாவி! அவன் உள்ளே வந்ததைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தியா? அந்த அடுப்புலதானே சாமிக்குச் சமைச்சேன்? தீட்டு போக, பொன் தொட்ட தண்ணி தெளிக்காம, பானையை மாத்தாம, என்னைப் படைக்க விட்டியா? சொல்லு! பார்த்தியா, பார்க்கலையா?”

பார்த்தேன் என்றால் அவர் சாதியில் தலைகாட்ட முடியாது. பார்க்கவில்லை என்றால் அவர் சாட்சி பொய்.

“பார்க்கல” என்றார் டேக் பகதூர், மெல்லிய குரலில்.

“பார்க்க மாட்டீங்க” என்றார் மனதோஜ். “ஏன்னா அந்த அடுப்பை ஊதினது நீங்க. குடத்துல பொருக்கு கிடந்துச்சு, அதனால கத்தி அடுப்படிக்குள்ளதான் முங்கியிருக்கு. வீட்டுல இருந்தது ரெண்டே பேரு. அதுல மேல்சாதின்னு உள்ளே போகக் கூடியது நீங்க ஒருத்தர்தான். தொழிற்சாலையில முழுக் கத்தியையும் முக்குறதைப் பார்த்திருப்பீங்க, அதையே செஞ்சீங்க. அடுப்பு சுத்தமாத்தான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் சோறு தொண்டையில இறங்குச்சு.”

“ஒடிஞ்சா தோத்துப் போகும்னுதான் நினைச்சேன். என் சரக்கு நிக்கணும்னுதான்… யாருக்கும் அடிபடும்னு நினைக்கலய்யா!”

“மிங்மாகிட்ட சொல்லு அதை” என்று ஜஸ்ஹாங் பாய்ந்தார். ஹர்கமான் நடுவில் புகுந்து தடுத்தான். அவனாலும் ஒரு தடவை பிரேக் போட முடிந்தது.

ஜீப் வந்தது, டேக் பகதூரோடு போனது. ஜஸ்ஹாங் காகிதத்தை நாலாகக் கிழித்தார். “நாப்பதும் நீதான் அடிக்கணும், ஐதவீர். என்னை மன்னிச்சுடு” என்றார்.

“அடிக்கிறேன். முதல்ல மிங்மாவுக்கு ஒண்ணு அடிக்கணும்” என்றான் ஐதவீர். “இடது கைக்கு ஏத்த மாதிரி, கொஞ்சம் கனம் குறைச்சு.” அதைச் சொல்லும்போதே அவன் அழுதுவிட்டான்.

ஹரிகலா வீட்டு டம்ளரில் டீயோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, “உள்ளே வந்து குடிப்பா” என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு தணிவை யாரும் கேட்டதில்லை.

ஐதவீர் படி வரைக்கும் போனான். அதற்கு மேல் கால் வைக்கவில்லை.

“இன்னைக்கு வேண்டாம்மா. நீங்க என்னை உள்ளே விடாததாலதான் நான் இன்னைக்கு ஜீப்புல ஏறல. அதை நினைச்சா எனக்கு டீ இறங்காது” என்றான். “என் மேல எந்தப் பழியும் இல்லாத ஒரு சாதாரண நாள்ல கூப்பிடுங்க, வர்றேன்.”

சுக்மாயா தன் ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இருவரும் மிங்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். ஹரிகலா டம்ளரோடு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தாள், டீ ஆறிப்போயிற்று.