நிறைந்தால் புறப்படும்

சிபிச்சக்ரவர்த்தி எழுந்தான். பல் துலக்கினான். குளித்தான். இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை மாட்டினான். காபி போடவில்லை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். அடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினான்.

மாலைக்குள் அவன் தில்லியில் இருக்க வேண்டும். அலுவலக வேலையாக அங்கே போன அவன் மனைவி கோகிலவாணிக்குக் காமாலை கண்டிருந்தது. முதலில் சாதாரணக் காமாலை என்றார்கள். பிறகு கல்லீரல் கைவிட்டுவிட்டது என்றார்கள். அவனுடைய கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அவளுக்கு வைக்க வேண்டும். பரிசோதனைகள் கோவையிலேயே முடிந்திருந்தன. அறுவை நாளைக்கு என்று இருந்தது. விடிந்ததும் அவளுடைய அண்ணன் தனபால் கூப்பிட்டார்.

"மாப்ள, நாளைக்குங்கறது ஆகாதாமா. சாயங்காலத்துக்குள்ள வந்தீங்கன்னா உடனே தியேட்டருக்குக் கொண்டு போயிடறாங்களாம்."

"வந்துடறேன் மச்சான்."

பல்லடம் வான்தளத்தில் பேரிறகு என்ற ராட்சத விமானம் நின்றிருந்தது. மூன்று அடுக்கு, இரண்டாயிரம் இருக்கை. வடக்கே போக அது ஒன்றுதான். அது கிளப்பிவிட்டுப் போகும் காற்றுச் சுழலில் சின்ன விமானங்கள் புரண்டுவிடும் என்பதால் அதன் தடங்களில் மற்றவற்றைப் பறக்க விடுவதில்லை. கொஞ்ச நாளில் சின்ன விமானங்களே இல்லாமல் போயின. மருத்துவ விமானங்களும்தான்.

பேரிறகை வாங்கலாமா என்று 'வான்பாலம்' நிறுவனம் தயங்கிய காலம் ஒன்று உண்டு. நிறைந்து பறந்தால் கொள்ளை லாபம். பாதி காலியாகப் பறந்தால் இரண்டே வருடத்தில் திவால். அந்தக் கூட்டத்தில், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத சிபி எழுந்து காந்திபுரம் ஷேர் ஆட்டோவைப் பற்றிச் சொன்னான். ஓட்டுநர் தன் கூட்டாளிகள் இரண்டு பேரைப் பின்னால் உட்கார வைத்திருப்பார். 'ஒரு ஆள்தான், ஒரு ஆள்தான்' என்று கூவுவார். நாம் ஏறியதும் ஒரு கூட்டாளி டீ குடிக்க இறங்கிப் போவார். மறுபடியும் 'ஒரு ஆள்தான்'. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு இயக்குநர் வித்யாபதி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை எந்திரமாப் பண்ண முடியுமா?" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் சேர்ப்பான். நேர அட்டவணை ஒழிந்தது. நிறைந்தால்தான் பேரிறகின் கதவு மூடும். அதுவரை ஆள் சேர்க்க எது உதவுகிறது என்று சேர்ப்பான் தானாகவே பார்த்துக் கற்றுக்கொள்ளும். திரையில் ஏறியவர் எண்ணிக்கையோடு போலியாட்களையும் சேர்த்துக் காட்டி, 'இன்னும் சில இருக்கைகளே' என்று எல்லாருக்கும் சொல்லும். ஏறியவர் இறங்க மாட்டார். வெளியே நிற்பவர் ஓடி வருவார். வான்பாலம் அந்தப் பந்தயத்தில் வென்றது.

சிபி பேரிறகில் ஏறி உட்கார்ந்தான். பக்கத்து இருக்கைக்காரர் மடியில் கிரைண்டர் கல் ஒன்றைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

"மக வீட்டுக்குங்க. தில்லிக்காரன் கல்லுல மாவு நைய மாட்டேங்குதாமா." திரையைக் காட்டினார். "பாருங்க, இன்னும் கொஞ்சம்தான். இப்ப எடுத்துருவான்."

அந்த எண்ணில் எவ்வளவு பொய் என்று அந்த விமானத்தில் சிபிக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் சரியாகத் தெரியாது. ஏற்றக் கட்டுப்பாட்டு அறையிலிருந்த ரெஜினாவைக் கூப்பிட்டான்.

"நெஜமா எவ்வளவும்மா?"

"பாதிகூட இல்ல சார். இன்னிக்கு முகூர்த்தம். ஊர்ல பாதிப் பேர் மண்டபத்துல இருக்காங்க."

"கதவ மூடச் சொல்லு. நான் பொறுப்பு."

"எங்க சார் மூடறது? மந்திரி வீட்டு ஆளுங்க கேட்டாங்க, கலெக்டர் கேட்டாருன்னு ஆளாளுக்கு முன்னாடியே எடுக்கறாங்கன்னு நீங்கதான கையால மூடற வழியையே அடைச்சீங்க? மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்த வேலைக்காக அவனுக்குப் பாராட்டு விழாகூட நடந்தது.

வித்யாபதியைக் கூப்பிட்டான். அவர் உண்மையாகவே வருந்தினார். "பூட்டைத் திறக்கற வழி ஒண்ணு வெச்சிருக்கக் கூடாதாப்பா?" என்றார்.

தனபால் அழைத்தார். "பேசறாளாமா, பேசுங்க," என்று தங்கையிடம் கைப்பேசியைக் கொடுத்தார். அவள் நாக்கு தடித்திருந்தது. நாலு வார்த்தை பேசினாள். அவன் "சரி" என்றான். பிறகு தனபாலின் குரல்தான் வந்தது. "தூங்கிட்டா. டாக்டரு எழுப்பிப் பாக்கறாரு. கெளம்பியாச்சுங்களா?"

"கெளம்பப் போகுது மச்சான்."

கிரைண்டர்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் திரும்பி, "ஏங்க, நீங்க கம்பெனி ஆளுதான? அட்டை மாட்டியிருக்கீங்களே. இது நெஜமாவே போகுமா? இல்லாட்டி நாங்க எறங்கி நாளைக்கு வர்றோம்," என்றார்.

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிபியின் முகத்தைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் ஒரு அடுக்கே காலியாகிவிடும்.

"போகுங்க," என்றான். "இன்னும் கொஞ்சம்தான்."

அவர்கள் உட்கார்ந்தார்கள். கிரைண்டர்காரர் அவன் கையைப் பார்த்தார். அதில் மருத்துவமனைச் சீட்டு இருந்தது.

"யாருக்குங்க உடம்பு சரியில்ல?"

சொன்னான். அவர் கல்லை இருக்கையில் வைத்து, இடைவாரைக் கட்டி, "ஆளுக்குப் பதிலா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். "வாங்க, ஆள் புடிக்கலாம்."

இருவரும் இறங்கி ஓடினார்கள். ரெஜினா ஒலிபெருக்கியைப் பிடித்தாள். இலவசம், தில்லி போய் அடுத்ததில் திரும்பலாம், ஒரு உயிர் காத்திருக்கிறது. வாடகை வண்டிக்காரர்கள் வந்தார்கள். சுமை தூக்குபவர்கள் சீருடையோடு வந்தார்கள். உணவுக்கூடத்தில் தோசைக் கல்லை அணைத்துவிட்டு வந்தார்கள். "அண்ணா, தில்லியில குளிருங்களா?" "நீ பொறந்ததுல இருந்து குளிக்கவே இல்லையேடா, உனக்கென்ன குளிரு." கிரைண்டர்காரர் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கே போய்விட்டார். பந்தியில் இருந்தவர்களைக் கை கழுவவும் விடாமல் பேருந்துகளில் ஏற்றிக் கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் மாமா, "மொய்யி எழுதிட்டேன், இனி எங்க வேணா போலாம்," என்றார். பட்டுப் புடவைகளோடு மேல் அடுக்கு நிறைந்தது.

கதவு மூடியபோது எல்லாரும் கை தட்டினார்கள். சிபியும் தட்டினான்.

தில்லி மருத்துவமனை வாசலில் தனபால் நின்றிருந்தார். அவர் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. பேரிறகு நாக்பூரைத் தாண்டும்போது முடிந்திருந்தது. அவனை யாரும் தியேட்டருக்கு அழைத்துப் போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ரெஜினா வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"சார், சேர்ப்பான் கத்துக்கிச்சு."

"என்ன?"

"அன்னிக்கு அவ்வளவு சீக்கிரம் வண்டி எப்பவுமே நெறஞ்சதில்ல. ஏன்னு தேடியிருக்கு. காரணம் நீங்கதான்னு கண்டுபுடிச்சிருக்கு."

அவள் சொல்லச் சொல்ல அவனுக்குப் புரிந்தது. முன்பெல்லாம் கூட்டம் குறைந்தால் சேர்ப்பான் கட்டணத்தைக் குறைக்கும். இப்போது குறைப்பதில்லை. மருத்துவமனைச் சீட்டைக் காட்டி வருபவர்களை ஒரே விமானத்தில் போட்டு அனுப்புவதும் இல்லை. விமானத்துக்கு ஒருவராகப் பிரித்து, முதல் ஆளாக ஏற்றுகிறது. பிறகு சும்மா காத்திருக்கிறது. ஓடி ஓடி ஆள் சேர்க்கும் வேலையை அந்த ஒருவரே பார்த்துக்கொள்கிறார்.

"நிறுத்தச் சொல்லுங்க சார்."

"வித்யாபதி என்ன சொல்றாரு?"

"இன்னும் பெரிய வண்டி ஆர்டர் பண்ணியாச்சாம். நாலு அடுக்கு."

மறுநாள் சிபி வான்தளத்துக்குப் போனான். நுழைவாயிலில் ஒரு இளைஞன் மருத்துவமனைக் கோப்பை உயர்த்திப் பிடித்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அடுத்த வாயிலில் ஒரு அம்மாள். அதற்கடுத்த வாயிலில் கைக்குழந்தையோடு ஒருவர். எல்லாரும் ஒருவருக்கொருவர் ஆளைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்களுக்கு அது பழகிவிட்டிருந்தது. குனிந்தபடி நடந்தார்கள்.

இளைஞன் சிபியின் கையைப் பிடித்தான். "அண்ணா, வந்து உக்காந்தா மட்டும் போதும்ணா. எங்கப்பாவுக்கு. இன்னும் கொஞ்சம் பேருதான்ணா."

திரையில் அப்படித்தான் இருந்தது. உண்மை எவ்வளவு என்று சொல்ல சிபி வாயெடுத்தான். இளைஞனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு இருக்கையில் உட்கார்ந்தான்.

தங்கை கடைசியாக, 'அவரப் பாத்துக்குங்கண்ணா' என்று சொன்னதாகத் தனபால் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சிபி அதை மறுக்கவில்லை. அன்று கதவு மூடாத விமானத்தில் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு அவன் கேட்டது வேறு. தடித்த நாக்கோடு, நிறுத்தி நிறுத்தி அவள் சொன்னது இதுதான்:

"பக்கத்து சீட்டுல ஆள் வந்தாச்சுங்களா? பேசிட்டே வாங்க. நேரம் போறதே தெரியாது."